ஸ்வெட்டர் கடைக்கு வந்த வெள்ளைக்காரர்

முந்தின வருடம் கார்த்திகை மாதம் நடந்தது இது. தேனியில் மதுரை ரோட்டில் எங்களுக்குப் பாத்திரக்கடை. கடையை ஒட்டி எங்களுடைய காலி இடம் ஒன்று உண்டு. மழைக்காலம் தொடங்கியதும் திபெத்திலிருந்து அகதியாக வந்த ஒரு பெண் அங்கே தகரக் கொட்டகை போட்டு ஸ்வெட்டர் விற்பார். விடியும் முன்னே ஜீப்பில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலையேறுகிற பெண்கள்தான் அவருக்கு முக்கிய வாடிக்கை. தை முடிந்ததும் மிச்சச் சரக்கைக் கட்டிக்கொண்டு, கர்நாடகத்தில் அவர்களுக்கென்று இருக்கிற குடியிருப்புக்குத் திரும்பிவிடுவார்.

பல வருடப் பழக்கம். தமிழ் நன்றாகவே பேசுவார். நம் ஊர்ப் பேச்சு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் சேர்ந்துதான் சாப்பிடுவோம். சிறு பிள்ளையாக இருக்கும்போது மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு பனிமலை தாண்டி, நேபாளம் வழியாக இந்தியாவுக்கு வந்தவர். அம்மாவும் அண்ணனும் திபெத்திலேயே தங்கிவிட்டார்கள். எப்போதாவது போனில் பேசிக்கொள்வார்கள்.

அந்த வருடம் வந்ததும், "இப்பப் பேசுறதில்லக்கா. இனிமே போன் போடாதன்னு அம்மாவே சொல்லிருச்சு" என்றார்.

திபெத்துக்காக நடந்த ஏதோ ஒரு கூட்டத்தில் அவர் நின்ற படத்தை யாரோ இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அது எப்படியோ அங்கே எட்டி, அண்ணன் வீட்டுக்குப் போலீஸ் வந்து, இந்தியாவில் இருக்கிற தங்கச்சி என்ன செய்கிறாள் என்று விசாரித்துவிட்டுப் போயிருக்கிறது. அதிலிருந்து அவருக்கு கேமரா என்றாலே ஆகாது. கடையில் ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்து செல்ஃபி எடுக்கிற காலேஜ் பிள்ளைகளைக் கண்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இந்த நேரத்தில்தான் அந்த வெள்ளைக்காரர் வந்து சேர்ந்தார்.

அறுபது வயது இருக்கும். நெட்டையான ஆள். முதல் நாள் எதிர்த்த டீக்கடையில் நின்று ஸ்வெட்டர் கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் கடைக்குள் வந்து சும்மா தடவிப் பார்த்தார். அப்புறம் சாயங்காலம் தோறும் வரத் தொடங்கினார். எதுவும் வாங்கமாட்டார். பேர் என்ன, எந்த ஊர், எப்போது வந்தீர்கள், குடும்பம் எங்கே இருக்கிறது என்று இங்கிலீஷில் கேள்வி மட்டும் கேட்பார். அவர் தலை தெரிந்தாலே இந்தப் பெண் எங்கள் கடைக்குள் வந்து குடங்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார்.

என் வீட்டுக்காரர் அந்த வெள்ளைக்காரர் தங்கியிருந்த லாட்ஜில் விசாரித்தார். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலை பழுது பார்க்க வந்த இன்ஜினியர் என்றார்கள். காற்று ஓய்ந்த மாதங்களில்தான் அந்த வேலை நடக்கும். ஆகவே பொய்யாக இருக்காது. ஆனாலும் என் வீட்டுக்காரருக்கு மனசு ஆறவில்லை.

"காத்தாடிக்கு வந்த ஆளுக்கு ஸ்வெட்டர் கடையில என்னா சோலி? குளிர்தேசத்துக்காரன் தேனியில வந்தா ஸ்வெட்டர் தேடுவான்? பேரக் கேக்குறான், ஊரக் கேக்குறான். எனக்கு நல்லாப்படல" என்றார்.

எனக்கும்தான். யாரோ காசு கொடுத்து அனுப்பிய ஆளாக இருக்குமோ என்றுகூட நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் மூட்டையைப் பிரிக்கக் குனிந்திருந்த நேரம், வெள்ளைக்காரர் தொங்கிய ஸ்வெட்டர்களை விலக்கிவிட்டு, போனை எடுத்துத் தகரச் சுவரைப் படம் எடுத்துவிட்டார். அங்கே தொங்கும் ஸ்வெட்டர்களுக்குப் பின்னால், வெளியே தெரியாதபடி, திபெத் கொடி போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. பனிமலை, இரண்டு சிங்கம், சிவப்பும் நீலமுமாகக் கதிர்கள்.

"அக்கா!" என்று அந்தப் பெண் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் எடை போட்டுக்கொண்டிருந்த அண்டாவை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். "ஏலே, அந்தாள விடாதீக!" என்று அவர் சத்தம் போட்டதும் ஆட்டோ ஸ்டாண்டுத் தம்பிகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் சட்டையைப் பிடித்துவிட்டான். நானும் பின்னாலேயே ஓடினேன். அடி விழுந்தால் என்ன ஆகும்?

வெள்ளைக்காரர் எதிர்க்கவே இல்லை. போனைத் திறந்து அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்து, நீங்களே அழித்துவிடுங்கள் என்றார். கொடியைத்தான் எடுத்திருந்தார், ஒரு படத்தில் மட்டும் ஓரத்தில் அந்தப் பெண்ணின் முழங்கை தெரிந்தது. அந்தப் பெண் எல்லாவற்றையும் அழித்தார். அப்போது அந்த மனிதரே, அழித்த படம் இன்னொரு இடத்தில் தங்கியிருக்கும், அங்கேயும் போய் அழியுங்கள் என்று வழி காட்டினார்.

"இம்புட்டு வெவரம் தெரிஞ்சவன் கண்டிப்பா உளவாளிதான்" என்றார் என் வீட்டுக்காரர்.

தன் போனில் ஒரு பழைய படத்தைக் காட்டட்டுமா என்று வெள்ளைக்காரர் கேட்டார். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும், நான்தான் அந்தப் பெண்ணுக்குத் தமிழில் சொன்னேன். பனி கொட்டிக் கிடக்கிற ஒரு சின்ன ஊர். நம் பேரூராட்சி ஆபீஸ் மாதிரி ஒரு மஞ்சள் கட்டடம். அதன் மேல் பறக்கிறது அதே கொடி. ஐரோப்பாவில் செக் என்கிற நாட்டில் இருக்கிற அவருடைய சொந்த ஊராம். அந்த நாட்டில் பல ஊர்களில் வருடத்துக்கு ஒரு நாள், மார்ச் மாதத்தில், திபெத்துக்காக இந்தக் கொடியை ஏற்றுவார்களாம். தேனியில் அதே கொடியைப் பார்த்ததும் ஊருக்கு அனுப்ப ஆசைப்பட்டிருக்கிறார்.

அந்தப் பெண் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இதெல்லாம் இப்பக் கம்ப்யூட்டர்லயே செய்யலாம்க்கா" என்றார். நான் அதையும் அப்படியே சொன்னேன்.

ஆமாம், செய்யலாம் என்று அவர் தலையாட்டினார்.

"அவுக ஊர்ல எங்க ஆளுக இருக்காகளான்னு கேளுங்க."

ஒருவர்கூட இல்லை என்றார்.

"பெறகு எதுக்கு?"

இதற்கு அவர் தன் சின்ன வயதுக் கதையைச் சொன்னார். அவருடைய நாட்டில் அப்போது கம்யூனிஸ்ட் ஆட்சி. அவர் சின்னப் பையனாக இருந்தபோது வெளிநாட்டு டாங்கிகள் தெருவில் வந்து நின்றனவாம். உலகத்தில் யாராவது நம்மைப் பற்றிப் பேசுகிறார்களா என்று அப்பா சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு ரேடியோவைத் திருகிக்கொண்டே இருப்பாராம். வெளிநாட்டுக்குத் தப்பிப் போன அத்தை ஒருத்தி உண்டு. அப்படி ஒருத்தி இருப்பதாகவே வீட்டில் பேசக்கூடாது. வீட்டில் பேசுவதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லக்கூடாது. யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று கீழ்வீட்டுக்காரரே போலீசுக்குச் சொல்லிவிடுவாராம்.

சட்டையைப் பிடித்திருந்த தம்பி கையை எடுத்துவிட்டான். அந்தப் பெண்ணின் முகம் மட்டும் இளகவில்லை. "நல்லாத்தான் சொல்றாரு. ஆனா எம் பேரச் சொல்ல மாட்டேன்க்கா" என்றார்.

நான் அதைச் சொல்லத் தயங்கினேன். சொன்னதும் அவர், சொல்லாதீர்கள், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சொல்லமாட்டேன், இத்தனை கேள்வி கேட்டதே என் தப்பு என்றார். எனக்கு மட்டும் தன் நம்பரைக் கொடுத்து, என் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டார். மார்ச்சில் கொடி ஏற்றும்போது போனில் காட்டுகிறேன், அந்தப் பெண் விரும்பினால் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டுத் தூறலில் நடந்து போனார். அதன் பிறகு கடைப்பக்கம் வரவில்லை.

"நம்பரு குடுத்திருக்கான்னு உடனே போன் கீன் போட்ராத" என்று என் வீட்டுக்காரர் என்னை எச்சரித்தார். எனக்கும் ஐயம் முழுதாகத் தீரவில்லை.

தை முடிந்து மூட்டை கட்டும்போது அந்தப் பெண்ணே பேச்செடுத்தார். "அவரு கூப்புட்டா எனக்குச் சொல்லுங்கக்கா. ஆனா எம் முகம் தெரியக் கூடாது, நம்பரும் போகக் கூடாது."

மார்ச்சில் ஒரு மத்தியானம் உண்மையாகவே வீடியோ அழைப்பு வந்தது. அங்கே அப்போதுதான் காலை. நான் என் வீட்டுக்காரரின் போனைப் பிடுங்கி, கர்நாடகத்திலிருந்த அந்தப் பெண்ணை அதில் வீடியோவில் அழைத்து, அந்தப் போனின் முதுகுக் கேமரா என் போனைப் பார்க்கும்படி எதிரே பிடித்துக்கொண்டேன். அவர்களை இவர் பார்க்கலாம். இவரை அவர்கள் பார்க்க முடியாது.

அதே மஞ்சள் கட்டடம். கனத்த கோட்டு போட்ட கிழவர்கள், கிழவிகள், இரண்டு மூன்று இளவட்டங்கள், கழுத்தில் பட்டை போட்ட ஒரு நாய். கொடி மேலே போனது. அந்த மனிதர் எங்களைப் பற்றி அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். உடனே எல்லோரும், தங்களுக்குத் தெரிந்த என் வீட்டுக்காரர் போனின் முதுகைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

"அக்கா, அவுக இதப் படம் புடிக்கிறாகளா?" என்று மெதுவாக வந்தது குரல்.

சிலர் கையில் போன் இருந்தது. நான் இங்கிலீஷில் கேட்டேன். அவர் திரும்பி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அத்தனை பேரும் போனைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

அப்புறம்தான் அந்தப் பெண் பேசினார். தன் சொந்த பாஷையில், உரத்த குரலில், இரண்டு மூன்று வாக்கியங்கள். அவர் அந்த பாஷை பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை. எனக்கும் புரியவில்லை, அவர்களுக்கும் புரிந்திருக்காது. சிவப்புக் கோட்டுக் கிழவி ஒருத்தி மட்டும் கையுறையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என்ன சொன்னீர்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. "எங்களை நம்பு" என்று ஒரு தடவைகூடச் சொல்லாமல் அந்தக் குளிரில் போனைப் பைக்குள் போட்டுவிட்டு நின்ற அந்த ஊர்க்காரர்களை நினைக்கும்போதெல்லாம், பயந்து வாழ்ந்து மீண்டவர்களுக்குத்தான் இன்னும் பயத்தோடு இருப்பவர் பக்கத்தில் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது என்று தோன்றும்.