பெட்டிக்குள் போன செருப்புகள்

எங்கள் பங்குக் கோயிலின் வரலாற்று மலரில் தமிழர்களுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். "முதல் தமிழ்த் திருப்பலி இனிதே நடந்தேறியது" என்று அப்பா எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த 'இனிதே' அப்பாவின் பெருந்தன்மை. நடந்தது எனக்கல்லவா தெரியும்.

அமெரிக்காவில் இர்விங் என்ற ஊரில் அந்தக் கோயிலை ஜெர்மானிய விவசாயிகள் கட்டினார்கள், மெக்சிகோக்காரர்கள் பெரிதாக்கினார்கள். நாங்கள் வந்தபோது தமிழ்ப் பூசை மட்டும்தான் இல்லை. அப்பா பங்குத்தந்தையிடம் ஒரு வருடம் நடையாய் நடந்தார். ஒரு தடவை வைத்துப் பார்ப்போம், ஒழுங்காக நடந்தால் மாதாமாதம் வைத்துக்கொள்ளலாம் என்றார் அந்த வெள்ளைக்காரப் பெரியவர். அம்மா அந்த வாரமெல்லாம் செபமாலையும் கையுமாக இருந்தாள்.

ஆகஸ்ட் மாத மதியம். தூத்துக்குடிப் பழக்கம் விடுமா? வந்தவர்களெல்லாம் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். அம்மா பதறினாள்.

"பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க? எல்லாத்தையும் ஓரமா எடுத்து வை பாப்பா."

எனக்கு ஆறு வயது, சொன்னதைச் செய்கிற பிள்ளை. வாசலோரம் ஷூ படம் ஒட்டிய பெரிய பெட்டி இருந்தது. அமெரிக்காவில் எதற்கும் ஒரு பெட்டி உண்டு என்று மெச்சிக்கொண்டே ஒன்று விடாமல் அதில் போட்டேன்.

பூசை முடிந்து வந்தால் பெட்டியைக் காணோம். ஏழைகளுக்கு ஷூ சேகரித்த பெட்டி அது. வேன் வந்து எடுத்துப் போய்விட்டதாம். பிரியாணி காத்திருந்த ஹாலோ பார்க்கிங் லாட்டுக்கு அந்தப் பக்கம். தார் கொதித்தது. அத்தனை குடும்பமும் வெறுங்காலோடு நின்றது.

"போச்சு. இனிமே யாரு பர்மிஷன் குடுப்பா?" என்றார் அப்பா. நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

பங்குத்தந்தை வந்து விஷயத்தைக் கேட்டார். உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் காலிலும் ஒன்றுமில்லை. எல்லாரையும் கைகாட்டி அழைத்துவிட்டு, அந்தத் தாரில் குதித்துக் குதித்து முதலில் ஓடினார். பின்னாலேயே கூட்டம் சிரித்துக்கொண்டு ஓடியது. பிரியாணிக்கு நடுவே அடுத்த மாதப் பூசைக்கான தேதியையும் அவரே சொன்னார். அம்மா சந்தோஷத்தில் அழுதுவிட்டாள்.

நான் அவருடைய வெறுங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஷூவையும் சேர்த்துப் பெட்டியில் போட்டுவிட்டேன் என்றே நம்பினேன். இரண்டு வருடம் அதை மனதில் சுமந்து, முதல் பாவசங்கீர்த்தனத்தில் முதல் பாவமாக அவரிடமே சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கம் அவர் ஏன் அவ்வளவு நேரம் இருமினார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.