கேரியர் பெயின்டும் அஜேஷின் காதும்

பாறசாலையில் ஹைவே ஓரம் காருக்கு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிபயரும் மாட்டுகிற கடை அஜேஷுடையது. மனுஷனுக்கு ஒரு வீம்பு உண்டு. வேலை முடிந்ததும் "சத்தம் சரியா இருக்கா?" என்று வாடிக்கையாளர் ஒருவரிடமும் கேட்கமாட்டான். பாட்டு போடாமல் எஞ்சினை மட்டும் ஓடவிட்டு, ஆக்சிலேட்டரை மிதித்து, வெறும் ஸ்பீக்கரைக் கூர்ந்து கேட்பான். சின்ன முனகல்கூட காதில் படவில்லை என்றால் "கொண்டு போங்க" என்பான், அவ்வளவுதான். அந்தக் காதுதான் அவன் வீட்டுக்குச் சோறு போடுகிறது. வேறு தொழில் எதுவும் தெரியாது.

கொஞ்ச நாளாக அந்தக் காதை நினைத்தாலே அவனுக்குப் பயமாக இருந்தது. வீட்டில் ஃபேன் இரைகிறது என்று பேரிங் மாற்றினான். இரைச்சல் போகவில்லை. ஃபிரிட்ஜ்தான் கத்துகிறது என்று அதைச் சுவரைவிட்டு இழுத்துப் போட்டான். "ஒரு சத்தமும் இல்ல. ஒங்களுக்குத்தான் கிறுக்கு" என்று சிரித்தாள் அவன் மனைவி ஜிஷா. அவனும் சிரித்து வைத்தான். வேறென்ன செய்ய?

அன்று மத்தியானம் அவன் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கப்போகிற நேரம் பார்த்து லீலாபாயின் ஆம்னி வந்து நின்றது. வாறவங்களுக்கு நேரங்காலமே கிடையாது! குளத்தூர்ப் பக்கத்தில் திருவிழாவோ சர்ச் பெருநாளோ சாவோ, எதுவானாலும் தெருத்தெருவாகச் சுற்றி மைக்கில் அறிவிப்பவள் லீலாபாய். மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. மேலே கேரியரில் குழாய் ஸ்பீக்கர் இரண்டு.

"எலே மக்கா, நான் பேசும்ப பின்னாடியே ஒரு கொசு இரையுது. வண்டி வேகம் கூடினா கொசுவுக்கும் வேகம் கூடுது. சாவு சொல்லப் போன எடத்துல பிள்ளைங்க சிரிக்குதுவ."

"கேரியருக்கு இப்ப பெயின்ட் அடிச்சீங்களா, சேச்சி?"

"பின்ன? பெருநாள் சீசனாக்கும். வருஷா வருஷம் அடிக்கது உண்டுல்லா."

அஜேஷ் பெருமூச்சு விட்டான். இதே கூத்துதான் ஒவ்வொரு பெருநாளுக்கும். போல்ட்டைக் கழற்றுவார்கள், கேரியரைப் பளபளவென்று அடிப்பார்கள், எர்த் வயரை அந்தப் பெயின்ட்டின் மேலேயே வைத்து முறுக்குவார்கள். பெயின்ட் வழியாகக் கரண்ட் எப்படி ஒழுங்காகப் போகும்? போதாததற்கு, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மைக் வயரையும் பேட்டரி வயரையும் ஒன்றாகச் சேர்த்து மஞ்சள் டேப் வேறு சுற்றியிருந்தது.

"ஆம்ப்ளிபயருக்குச் சுத்தமான கரண்ட் குடுக்கணும், சேச்சி. எஞ்சினுக்க அழுக்கையும் சேத்துக் குடிக்க வச்சா, அது ஒங்க பேச்சோட அந்த அழுக்கையும்தான் துப்பும்."

"நீ பறஞ்சா சரி. செய்து தா."

இடுப்பு வலியோடு சீட்டுக்கு அடியில் நுழைந்தான். உள்ளே தகரத்தைப் பளிச்சென்று வெளுக்கும்வரை சுரண்டி, எர்த் வயரை அங்கே முறுக்கினான். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்துத் தனி வயர் இழுத்தான். மைக் வயரைப் பிரித்து எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோனான். வெளியே வரும்போது சட்டை நனைந்திருந்தது. எஞ்சினைப் போட்டு, ஆக்சிலேட்டரை மிதித்தான்.

ங்ங்ங் என்றது.

"போவல்ல" என்றான்.

"எனக்குக் கேக்கல்லியே மக்கா. கொள்ளாமே, நல்லாத்தானே இருக்கு!"

கிழவிக்குக் காது மந்தம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு திரும்பவும் நுழைந்தான். ஃப்யூஸை மாற்றினான், மைக் வயரையே புதிதாகப் போட்டான். சோறு ஆறிப்போனது. மறுபடி எஞ்சின், மறுபடி அதே ங்ங்ங். எரிச்சலில் ஆக்சிலேட்டரை ஆழ மிதித்தான். எஞ்சின் அலறியது, முனகல் மட்டும் கூடவில்லை. காலை எடுத்தான், குறையவும் இல்லை. எஞ்சினோடு சேர்ந்து ஏறி இறங்காத முனகலை அவன் எந்த வண்டியிலும் கேட்டதில்லை.

எஞ்சினை அணைத்தான். ங்ங்ங். சாவியை உருவினான். பேட்டரியின் டெர்மினலையும் கழற்றினான்.

"சேச்சி, இப்ப சத்தம் உண்டா?"

"இது என்ன கேள்வி? வண்டி செத்துல்லா கெடக்குது!"

அஜேஷ் டெர்மினலைக் கையில் பிடித்தபடி நின்றான். ஹைவேயில் திருவனந்தபுரம் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. பஸ் போன பிறகும் அந்த ங்ங்ங் அவன் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. ஃபேனும் இல்லை, ஃபிரிட்ஜும் இல்லை, இந்த வண்டியும் இல்லை. எத்தனை வருஷமாக ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தலையை வைத்துக் கிடந்திருக்கிறான்! சுரண்டி எடுக்க இங்கே என்ன பெயின்ட் இருக்கிறது? அழுதுவிடலாம் போல் இருந்தது, ஆனால் அதற்கும் தெம்பில்லை.

"என்ன மக்கா, மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

"பசி, சேச்சி." டெர்மினலை மாட்டினான். "மைக்ல கொஞ்சம் பேசிப் பாருங்க."

லீலாபாய் வண்டியை ஓடவிட்டு, பாறசாலைக்கே கேட்கும்படி பெருநாள் கொடியேற்றத்தை இரண்டு மொழியிலும் அறிவித்தாள். எதிர்க்கடை ராஜையா எட்டிப் பார்த்து, "அடிபொளி! தண்ணி மாதிரி தெளிவா இருக்கு" என்றான். அவள் சந்தோஷமாகக் கிளம்பிப் போனாள்.

சோற்றை இரண்டு வாய் வைத்தான், இறங்கவில்லை. அதற்குள், ஸ்பீக்கர் மாட்டக் காலையில் விட்டுப்போன தன் காரை எடுக்க ஜிஜின் என்கிற பையன் வந்துவிட்டான். அஜேஷ் எஞ்சினைப் போட்டு, வழக்கம்போல ஆக்சிலேட்டரை மிதித்து, தலையைச் சாய்த்து ஸ்பீக்கரைக் கேட்டான். பிறகு இறங்கிக் கதவைத் திறந்து பிடித்தான்.

"நீ உள்ள இரு மக்கா. சத்தம் உண்டா, இல்லியா? கேட்டுச் சொல்லு."