ஸ்பீக்கர் அக்காவின் கீழ்வீடு

விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து ஒரே உதறல். மறுமுனையைப் பிடித்திருக்கும் பெண் அரை அடி முன்னால் வந்து விழுவாள். “என்னடி, புதுமாப்பிள்ளை கையைத் தொட்ட மாதிரி கூசிக் கூசிப் பிடிக்கிற? கெட்டியாப் பிடி!” என்று அக்கா போடும் சத்தத்தில், எட்டு இயந்திரங்கள் ஓடும் அந்தச் சலவைக் கூடமே ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்ட மாதிரி இருக்கும். அதனால்தான் அவருக்கு ஸ்பீக்கர் அக்கா என்று பெயர். மேலாளர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடம் அது. ஈரத்தோடு வரும் விரிப்புகளைச் சூடான உருளைகளுக்குள் சுருக்கம் விழாமல் நுழைக்கவேண்டும். கொஞ்சம் கவனம் பிசகினால் விரல் நுனி வெந்துவிடும். அக்காவின் இரண்டு கட்டை விரல்களும் மழுங்கி, ரேகை அழிந்து வழவழவென்று இருக்கும். “கைநாட்டு வெச்சாக்கூட யாருன்னு கண்டுபிடிக்க முடியாது. எங்கயாவது திருடப் போகலாம்” என்பார். கிழிந்த தலையணை உறை வந்தால் தூக்கிக் காட்டி, “பாரு, காத்து வர ஜன்னல் வெச்சுத் தெச்சிருக்கான்” என்பார். சிரிப்பதற்கு அவரிடம் எப்போதும் ஏதாவது இருக்கும்.

வேலை முடிந்து வீட்டை நெருங்க நெருங்க அந்த ஆளே வேறு. வெளிப்புறத்து இரும்புப் படியின் அடியிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். சுவரோரமாகவே ஏறுவார். மாடியறையின் மரத்தரை முழுக்கப் பழைய கம்பளிகளை விரித்திருக்கிறார். நாற்காலியின் நான்கு கால்களுக்கும் துணி சுற்றியிருக்கிறது. ஒரு டம்ளரைக் கீழே வைப்பதென்றால்கூடத் தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் வைப்பார். கீழே நோயாளி யாராவது இருக்கிறார்கள் போல என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும்.

கீழ்வீட்டில் யாரும் இல்லை. இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது.

இந்த ஊருக்கு முதலில் வந்தவர் அக்காதான். பாஷை தெரியாது, பஸ் நம்பர் தெரியாது, சலவைக் கூடத்தில் கையால் சைகை காட்டியே வேலை கற்றார். கொஞ்சம் காலூன்றியதும் தம்பியை வரவழைத்தார். தம்பி கிடங்கில் மூட்டை இறக்கும் வேலைக்குப் போனான். இருவரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, சுவரெல்லாம் ஈரம் பூத்த ஒரு பழைய வீட்டை வாங்கினார்கள். அக்காவுக்கு அப்போது குடியுரிமைக் காகிதம் சரியாகவில்லை. பத்திரம் தம்பி பெயரில் மட்டும் பதிவானது. “உன் பேரு போட்டா என்ன, என் பேரு போட்டா என்ன? ரெண்டும் ஒரே வயித்துல பொறந்த பேருதானே” என்றார் அக்கா. முதல் நாள் இருவரும் வீட்டின் எல்லாக் கதவுகளையும் திறந்து திறந்து சாத்தினார்கள். “நம்ம கதவுடா. நம்ம இஷ்டத்துக்கு எத்தன வாட்டி வேணும்னாலும் சாத்தலாம்!”

தம்பிக்குக் கல்யாணம் ஆனது. வந்தவள் அதிர்ந்து பேசாதவள். ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கீழே அவர்கள், மேலே அக்கா, நடுவில் ஒரு மரப்படி. நாள் நன்றாகத்தான் போயிற்று, தம்பிக்கு முதுகெலும்பு நகரும்வரை. இனிமேல் மூட்டை தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவியின் சொந்தக்காரர்கள் இருக்கும் ஊருக்குப் போனால் உட்கார்ந்தே பார்க்கும் வேலை கிடைக்கும், வீட்டை விற்றுவிடலாம் என்றான்.

“என் பிணத்து மேல நடந்து போய் வித்துக்கோ” என்றார் அக்கா.

அன்றைக்குப் பேச்சு முற்றிவிட்டது. பிறந்ததிலிருந்து அக்காவை ‘நீ, வா, போ’ என்றே பேசிய தம்பி, நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்: “இது யாரு வீடுன்னு பத்திரத்த எடுத்துப் பாருங்க.”

பத்திரத்தைச் சொன்னதைக்கூட அக்கா பொறுத்திருப்பார். அந்த ‘பாருங்க’வைத்தான் பொறுக்க முடியவில்லை. மறுநாளே வக்கீலைத் தேடிப் போய், பாதி வீடு தனக்கென்று கேஸ் போட்டார். தீர்ப்பு வரும்வரை வீட்டை விற்கக்கூடாது, அவரவர் இருக்கும் தளத்தில் அவரவர் இருக்கவேண்டும் என்றது கோர்ட். தம்பி குனிய முடியாத முதுகோடு, நடுப்படியின் வாயில் ஒட்டுப்பலகை வைத்துத் தன் கையாலேயே ஆணி அடித்தான். மாடியில் நின்று அக்கா ஒவ்வொரு அடியையும் கேட்டார்.

அதற்குப் பிறகு ஏட்டிக்குப் போட்டிதான். அக்கா வேண்டுமென்றே குதிகாலை ஊன்றி நடப்பார். தம்பி ஒட்டடைக் கம்பை எடுத்து, தாழ்வான உத்தரத்தில் இடிப்பான். அக்கா நாற்காலியை இழுப்பார். அவன் மறுபடி இடிப்பான். வருஷக்கணக்கில் கூடப்பிறந்தவர்களுக்குள் நடந்த ஒரே பேச்சு இதுதான்.

ஒரு நாள் மத்தியானம். அக்காவுக்கு விடுமுறை, தம்பி மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அக்கா தலை துவட்டிக்கொண்டிருந்தபோது கீழிருந்து இடி கேட்டது. அன்றைக்கு அவர் குதிகாலும் ஊன்றவில்லை, நாற்காலியும் இழுக்கவில்லை. “சும்மா இருக்கிறவள வம்புக்கு இழுக்கிறியா?” என்று நாற்காலியை அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இழுத்தார். மறுபடி இடி. இந்தத் தடவை விட்டு விட்டு, சோம்பலாக. “இடி, இடி. உன் வீடுதானே, இடிஞ்சா உனக்குத்தான் நட்டம்!” என்று தரையைப் பார்த்துக் கத்திவிட்டு, இன்னொரு முறை இழுத்தார். பிறகு கம்பு உத்தரத்தில் லேசாக உரசியதுபோல் ஒரு சத்தம். அதோடு நின்றது. ஜெயித்துவிட்ட நிறைவில் அக்கா டீ போட்டுக் குடித்தார்.

சாயங்காலம் தம்பி மனைவி அலறிய அலறலில்தான் இறங்கி ஓடினார். தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். போன் உள்ளறையில் கிடந்தது. கம்பு மடியில் கிடந்தது. மாரடைப்பு, உடனே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து, தம்பி மனைவி இரும்புப் படி ஏறி மாடிக்கு வந்தாள். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணி, கேஸ் வேணாம். இனிமே நமக்கு யாரு இருக்கா? அந்தப் பலகையப் பேத்துடலாம். ஒண்ணா இருக்கலாம்.”

அக்கா அவள் தலையில் கைவைத்தார். அவள் உடைந்து அழுதாள்.

“நான்தான் அண்ணி கொன்னுட்டேன். வீடு பூரா ஒட்டடைன்னு காலையில முணுமுணுத்துட்டுப் போனேன். அந்த முதுக வெச்சுக்கிட்டுக் கம்பத் தூக்கியிருக்காரு பாருங்க, எனக்காக.”

அக்கா வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். பலகை பெயர்ந்திருக்கும், இரண்டு பெண்களும் ஒரே அடுப்பில் சமைத்திருப்பார்கள். ஆனால் அந்தப் பெண் தன் தலையில் அடித்துக்கொண்டதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“அவன் ஒட்டடை அடிக்கலம்மா” என்றார். “என்னைக் கூப்பிட்டான்.”

அவள் அழுகை நின்றது.

“எத்தன தடவ?”

“மூணு தடவ... கடைசித் தடவ ரொம்ப லேசா.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“நாற்காலிய இழுத்தேன்.”

அவள் ஏசவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. சேலை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அந்த மாதமே ஊரைவிட்டுக் கிளம்பினாள். கிளம்பும் முன் வக்கீலிடம் போய், வீடு முழுவதையும் அக்கா பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். தனக்கென்று ஒரு செங்கல்கூட வேண்டாம் என்றாளாம். “ஜெயிச்சுட்டீங்கம்மா!” என்று வக்கீல் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த மழுங்கிய கட்டை விரல் கையெழுத்துப் போடும்போது பேனாவைப் பிடிக்க மறுத்தது.

அதற்குப் பிறகு யாராவது கீழ்வீட்டை வாடகைக்குக் கேட்டால், “ரிப்பேர் இருக்கு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். போன வாரம்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை. சலவைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், கைக்குழந்தைக்காரி, கடல் தாண்டி வந்து முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை. இருந்த அறையைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள் என்று உருளைக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். அக்கா அவளை ஏதேதோ சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தார். முடியவில்லை. மாலையில் கொட்டும் மழையில் கூட்டிவந்து கீழ்வீட்டைத் திறந்துவிட்டார். அவர் மட்டும் வாசலைத் தாண்டவில்லை.

அந்தப் பெண் அறை அறையாக ஓடினாள். குழாயைத் திறந்து பார்த்தாள். ஜன்னலைத் தள்ளிப் பார்த்தாள். கூடத்துக்கு வந்து மேலே அண்ணாந்தாள்.

“அய்யோ, உத்தரம் கைக்கு எட்டற மாதிரி இருக்கே! நல்லதாப் போச்சு அக்கா. எங்க வீட்டுக்காரர் ராத்திரி வேலைக்குப் போயிடுவாரு, புள்ளைக்கு ஒண்ணுன்னா நான் எங்க ஓடுவேன்? இப்படி ஒரு தட்டு தட்டினாப் போதும், நீங்க ஓடி வந்துட மாட்டீங்களா?”

சொல்லிக்கொண்டே, மடக்கியிருந்த குடையை விளையாட்டாக மேலே தூக்கினாள்.

எப்படி உள்ளே வந்தார் என்று அக்காவுக்கே தெரியாது. குடையின் நுனி உத்தரத்தைத் தொடுவதற்குள் பாய்ந்து இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துவிட்டார். பயந்துபோன அந்தப் பெண் குடையை விட்டுவிட்டு விலகி, “அக்கா, என்ன அக்கா?” என்றாள். மழைத்தண்ணீர் முழங்கை வழியாக ஒழுக, அக்கா அந்தக் குடையைத் தூக்கியபடியே, தலைக்கு மேலே இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.