மனைவிக்கு நரை வரைந்தவர்

என் வீட்டு மாடி அறையில் குடியிருக்கிற ஓவியப் பள்ளி வாத்தியாரைத் தெருவில் எல்லோரும் ‘கரிக்கை’ என்றுதான் சொல்வார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை வெளுக்கவில்லை. சுவிட்சில் கரி, மாடிப்படிக் கைப்பிடியில் கரி, புதிதாக வெள்ளையடித்த சுவரில் ஐந்து விரலும் பதிந்த கரி. வீட்டுக்காரி நான் தொண்டை கிழியக் கத்தினால், “இனிமே கையை சட்டைப் பாக்கெட்டுலயே வச்சுக்கறேம்மா” என்பார். பாக்கெட் கறுத்துப்போகும், அவ்வளவுதான்.

பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. பிள்ளைகுட்டி இல்லை. கட்டிய மனைவி சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். கல்யாணமான புதிதில் அவளை உட்காரவைத்துக் கரிக்கட்டையால் வரைந்த படம் ஒன்றுதான் மிச்சம். கண்ணாடி, சட்டம் எதுவும் போடாமல் ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்திருப்பார். காகிதம் மஞ்சளாகப் பழுத்துவிட்டது.

குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்கப் போனபோது முதல்தடவை அதைப் பார்த்தேன். காதோரம் நரை, கண்ணுக்குக் கீழே தொங்கல், கழுத்தில் சுருக்கம்.

“உங்க அக்காவா சார்?”

“சம்சாரம்மா.”

“சின்ன வயசுலயே தவறிட்டாங்கன்னு சொன்னாங்களே?”

“ஆமா. எனக்கு வயசாக ஆக, அவ என் பொண்ணு மாதிரி ஆயிட்டா. பார்க்க நல்லாவா இருக்கு? அதான் வருஷாவருஷம் அவ பிறந்தநாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமா வயசாக்கி, என்கூடவே கூட்டிட்டு வரேன்.”

அட கடவுளே, மனுஷனுக்கு முற்றிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். படியிறங்கும்போதுதான் உறைத்தது. என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறார். என் தலை நரைத்ததை ஒருநாளாவது கவனித்திருப்பாரா?

போன மாதம் வாத்தியார் கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, பழைய மாணவர்கள் மூன்று பேர் அறையைச் சுத்தம் செய்து வைக்க வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஒட்டடை அடித்தார்கள், தரையைத் துடைத்தார்கள். கடைசியில் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு டப்பாவைக் குலுக்கி அதன்மேல் புஸ்ஸென்று அடித்தார்கள். வீடு முழுக்க நெடி.

“என்னப்பா இது?”

“கரி உதிராம இருக்கறதுக்குக்கா. இனி ஆயுசுக்கும் அழியாது. ‘படத்தை முடிச்சதும் மறக்காம அடிங்கடா’ன்னு எங்க காதைத் திருகுனவரு, தன் படத்துக்கு அடிக்காம விட்டிருக்காரு பாருங்க!”

சிரித்தார்கள். அழியாது என்றால் நல்லதுதானே என்று நானும் சிரித்தேன்.

நேற்று அந்த அம்மாவின் பிறந்தநாள். மேலே நெடுநேரம் பரட் பரட்டென்று தேய்க்கிற சத்தம். போய்ப் பார்த்தேன். ரப்பரை வைத்து அவள் நெற்றியோரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு துளி கரிகூட வரவில்லை.

விஷயம் புரிந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அந்தப் பசங்களைக் கூப்பிடுங்க சார், நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கற மாதிரி நான் கேக்கறேன்.”

“எப்படிம்மா திட்டறது? நான் சொல்லிக்கொடுத்ததைத்தானே செஞ்சிருக்காங்க.”

“சரி, மேலயே ரெண்டு கோடு இழுத்துக்கக் கூடாதா?”

“சுருக்கம்னா கோடு போடலாம். நரைக்குக் கரியை எடுக்கணும்மா. இந்த வருஷம் முன்னுச்சியை நரைக்க வைக்கலாம்னு இருந்தேன்.”

கட்டைவிரலால் அவள் கன்னத்தை மெல்லத் தடவி, விரலைத் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. அந்தக் கையை அப்படி நான் பார்த்ததே இல்லை.

“நின்னுட்டாம்மா,” என்றார். “இனிமே நான் மட்டும்தான் போகணும்.”