பதினோரு மானிட்டர்களும் வெனெத்தாவும்

கைத்தொழில் மனிதனைக் காப்பாற்றும் என்பார்கள். ஸ்லிவென் நகரத்து ஸ்பாஸ் குந்தேவை அவருடைய கைத்தொழில் பதினைந்து வருடம் அழவைத்தது.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. தொலைக்காட்சி பழுதுபார்ப்பவராகத் தொடங்கி, பிறகு யாரும் தொடாத ஒரு வேலைக்கு வந்து சேர்ந்தவர். தொழிற்சாலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் கனத்த பழைய வொர்க்ஸ்டேஷன் கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. கணினி சாகாது, அதனோடு வந்த மானிட்டர்தான் முதலில் சாகும். அதே நிறுவனத்து மானிட்டர் இனி உலகத்திலேயே கிடைக்காது. வேறு யாரோ செய்த மானிட்டரை அதற்குப் பொருத்தமாகத் தேடிப்பிடிக்க வேண்டும். அதுதான் ஸ்பாஸின் வேலை.

சொல்வதற்கு எளிது. ஆனால் அந்தக் காலத்துக் கணினிகளின் பிடிவாதம் பெண் வீட்டாரின் பிடிவாதத்துக்குக் குறைந்ததல்ல. விநாடிக்கு அறுபத்தாறு முறை படம் அனுப்பும் கணினிக்கு அறுபத்தாறுக்கு ஈடுகொடுக்கும் மானிட்டர் வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் படம் கோடுகோடாகக் கிழியும். போதாததற்குப் படத்தின் தாளத்தைத் தனியாக அனுப்பாமல் பச்சை நிறத்தின் தோளிலேயே ஏற்றி அனுப்பும். அது புரியாத மானிட்டரில் உலகமே கீரைக்கட்டு மாதிரித் தெரியும். ஸ்பாஸின் நிலவறையில் அறுபத்து மூன்று மானிட்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றின் குணமும் அவர் நோட்டில் எழுதியிருந்தது.

ஊரின் கம்பளத் தொழிற்சாலையில் வெனெத்தா வேலை பார்த்தாள். கம்பளங்களின் பூவையும் கொடியையும் கணினியில் வரைபவள். 1994இல் அவளுடைய மானிட்டர் முதல்முறை செத்தபோது ஸ்பாஸ் போனார். அவள் திரும்பிப் பார்த்து, "வந்துட்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் மனிதர் விழுந்துவிட்டார்.

விழுந்தவர் என்ன செய்திருக்க வேண்டும்? ஓட்டை மானிட்டர் ஒன்றை வைத்துவிட்டு வாரம் ஒருமுறை வந்து போயிருக்க வேண்டும். பாவி மனிதர், இருந்ததிலேயே சிறந்ததைப் பொருத்தினார். அது ஐந்து வருடம் உழைத்தது. 1999இல் அடுத்தது, அதுவும் ஐந்து வருடம்; 2004இல் மூன்றாவது. காரணம் இல்லாமல் ஒரு வாசலில் போய் நிற்க அவருக்குத் தெரியாது. ஆக, பதினைந்து வருடக் காதலில் அவர் வெனெத்தாவைப் பார்த்தது மூன்றே மூன்று முறை.

2009 வசந்தத்தில் மூன்றாவது மானிட்டரும் புகைந்து செத்தது. அன்றே கூப்பிட்டிருந்தால் ஸ்பாஸ் பறந்திருப்பார். ஆனால் அதற்குள் நெசவுக்கூடத்துப் பெண்கள் புகுந்துவிட்டார்கள். அவர்களின் தலைவி மிங்கா, சாவு வீட்டிலும் சிரிப்பு மூட்டுகிறவள். மனிதர் இறந்தால் வாசலில் ஒட்டுவார்களே, படம் போட்ட இரங்கல் தாள், அதை மானிட்டருக்கு அச்சடித்துத் தொழிற்சாலைக் கதவில் ஒட்டினாள். 'ஐந்து ஆண்டுகள் ஓய்வறியாது உழைத்த எங்கள் அன்புக்குரிய கண்' என்று அதில் இருந்தது. சாவு வீட்டு வழக்கப்படி வேக வைத்த கோதுமையில் சர்க்கரை தூவி எல்லோருக்கும் கொடுத்தாள். மானிட்டரை மரப்பெட்டியில் கிடத்தி, செத்தவருக்குப் பிடித்த பொருளைக் கூடவே வைப்பதுபோல் ஒரு பொருளையும் உள்ளே வைத்து, பெட்டியை மாடிப்படிக்கு அடியில் தள்ளி ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றினார்கள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை ஸ்பாஸ் வந்தார். அவருடைய மாஸ்க்விச் காரில் ஒரு தடவைக்கு ஒரு மானிட்டர்தான் கொள்ளும். முன் இருக்கையில் வைத்து, பெல்ட் மாட்டி, வளைவுகளில் ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஓட்டுவார்.

"வந்துட்டீங்களா?" என்றாள் வெனெத்தா.

ஸ்பாஸ் மேஜையைப் பார்த்து, "கீபோர்டு எங்க காணோம்?" என்றார், ஏதாவது பேச வேண்டுமே என்று.

மிங்கா முந்திக்கொண்டாள். "அது புருஷனோடயே போயிடுச்சு அண்ணே. பெட்டிக்குள்ள வச்சுட்டோம். எங்க மாமனாருக்குக் கண்ணாடியும் சிகரெட்டும் வச்சோம்ல, அது மாதிரி."

ஸ்பாஸ் சிரித்தார். படம் வருவதைப் பார்க்கக் கண் போதும், விரல் எதற்கு? இந்தத் தொழிலில் இத்தனை வருடத்தில் கீபோர்டு இல்லாத கணினியை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, யார் கழற்றுவார்கள்? மானிட்டரைப் பொருத்தினார். கணினியைப் போட்டார். விசிறி சுழன்றது. திரை கறுப்பாகவே இருந்தது.

"பொருந்தல," என்றார். "நாளைக்கு வேற கொண்டு வரேன்."

மறுநாள் வேறு. அதற்கு மறுநாள் வேறு. கறுப்பு, கறுப்பு, கறுப்பு. மருத்துவமனை ஏலத்தில் எடுத்ததும், ஜெர்மன் வங்கி ஒன்றிலிருந்து வந்ததும், மூன்று தடித்த ஊசியும் பத்துச் சின்ன ஊசியும் உள்ள செருகியை அவரே பற்றவைத்துச் செய்ததும், எல்லாமே குருடாகி நின்றன. நோட்டில் பொருத்தம் அத்தனையும் சரியாக இருந்தது. ஸ்பாஸ் தூக்கம் கெட்டு மெலிந்தார். தினமும் அவளைப் பார்க்கிறோமே என்று மனம் துள்ளும்; தினமும் அவள் முன்னால் தோற்கிறோமே என்று அதே மனம் துவளும்.

வெனெத்தா மட்டும் கலங்கவில்லை. தினமும் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்ஸாவைச் சுடச்சுடக் கொண்டுவந்தாள். "சாப்டுட்டுத் தோத்துப் போங்க," என்றாள்.

இரண்டாம் வெள்ளிக்கிழமை நிர்வாகி ஷிஷ்கோவ் வந்து நின்றார்.

"இங்க என்ன கண்காட்சியா நடக்குது? பத்து மானிட்டர் வந்துபோயிடுச்சு. திங்கட்கிழமை மத்தியானத்துக்குள்ள படம் வரலன்னா கணினி பழைய இரும்புக்குப் போகும். வரைபடத்தை பர்காஸ் கிளையிலேர்ந்து வாங்கிக்கறேன்."

"அப்போ நான்?" என்றாள் வெனெத்தா.

"உனக்குத்தான் பர்காஸ்ல அக்கா இருக்காளே. அங்க போய் இரு. கடல் காத்து உடம்புக்கு நல்லது."

அவள் முகம் வெளுத்ததை ஸ்பாஸ் பார்த்தார். பதினைந்து வருடத்தில் மூன்று முறை வாழ்ந்த மனிதனுக்கு, நான்காவது முறையே கடைசி முறையாகப் போகிறது! தன் கையாலேயே அவளைக் கடற்கரைக்கு அனுப்பி வைக்கிறோமே என்று அவர் நெஞ்சு பிளந்தது.

திங்கட்கிழமை காலை பதினோராவது மானிட்டரைக் கொண்டுவந்தார். முன் இருக்கையில் அதை அணைத்துக்கொண்டு வழியெல்லாம் அதனிடம் கெஞ்சினார். பொருத்தினார். கூடம் முழுக்க வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றது. விசிறி சுழன்றது.

கறுப்பு.

ஷிஷ்கோவ் மணியைப் பார்த்தார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். பழைய இரும்புக்காரர்கள் இரண்டு பேர் கதவருகே கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்பாஸ் மெல்லச் சொன்னார்: "என்னால முடியல வெனெத்தா. அறுபத்து மூணு மானிட்டர் வச்சிருந்து என்ன? எனக்கு இந்தத் தொழில் தெரியாது. இத்தனை நாளா தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன். அவ்ளோதான்."

அவர் கண்ணில் நீர் முட்டியது. நோட்டை எடுத்து இரண்டாகக் கிழிக்கப் போனார்.

"நிறுத்துங்க!" என்றாள் வெனெத்தா.

அவள் மாடிப்படியை நோக்கி ஓடினாள். முழங்காலில் விழுந்து மரப்பெட்டியை இழுத்தாள். ஆணி அடித்திருந்தது. இரும்புக்காரனின் கையிலிருந்து கடப்பாரையைப் பிடுங்கி நெம்பினாள்.

"அய்யோ அக்கா, நாப்பது நாள்கூட ஆகலியே! பொணத்தைத் தோண்டறியே!" என்று மிங்கா அலறினாள்.

செத்த மானிட்டரின் மேல் படுத்திருந்த கீபோர்டை வெனெத்தா உருவி எடுத்தாள். ஓடிவந்து கணினியின் முதுகில் செருகினாள். கணினியை அணைத்துப் போட்டாள்.

திரை நடுங்கியது. ஒரு கம்பளம் பூத்தது. ரோஜாக்கள், கொடிகள், ஓரத்தில் பறவைகள். எல்லாம் பச்சைப் பசேலென்று.

"ஏன் பச்சையா இருக்கு?" என்றார் ஷிஷ்கோவ்.

"அது இந்த மானிட்டருக்குத் தாளம் புரியல சார். போன புதன்கிழமை கொண்டுவந்ததுல சரியா வரும்," என்று தன்னையறியாமல் சொன்ன ஸ்பாஸ், அப்புறம்தான் வாயைப் பிளந்தார். "கீபோர்டா? கீபோர்டு இல்லன்னா படம் வராதா?"

வெனெத்தா தரையைப் பார்த்தாள். "வராது. கீபோர்டு இல்லன்னா எதிர்ல ஆளே இல்லைன்னு இந்தக் கணினி நெனச்சுக்கும். திரைக்கு ஒண்ணும் அனுப்பாது. கூட வந்த தடிப் புத்தகத்துல போட்டிருக்கு."

"அதை எப்போ படிச்சே?" இது ஷிஷ்கோவ்.

"முதல் புதன்கிழமை."

"முதல் புதன்கிழமையா!" ஸ்பாஸின் குரல் கீச்சிட்டது. "அப்போ நான் தூக்கிட்டு வந்ததெல்லாம்? ஒவ்வொண்ணும் முப்பது கிலோ! எனக்கு இடுப்பு போச்சு! நல்ல மானிட்டரையெல்லாம் திட்டித் திட்டித் திருப்பி எடுத்துட்டுப் போனேனே! ஏன் சொல்லல?"

"சொன்னா அன்னிக்கே சரியாப் பொருத்திட்டுப் போயிருப்பீங்க," என்றாள் வெனெத்தா. "அப்புறம் அஞ்சு வருஷம் வரமாட்டீங்க. அதுக்குள்ள எனக்கு ஐம்பத்தஞ்சு."

யாரோ ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். இரும்புக்காரர்களில் ஒருவன் தொப்பியைக் கழற்றினான்.

ஷிஷ்கோவ் இருமினார். "படம் வந்துடுச்சு. கணினி இருக்கட்டும். வெனெத்தாவும் இருக்கட்டும். நீங்கள்லாம் தறிக்குப் போங்க." யாரும் நகரவில்லை. அவரும் நகரவில்லை.

புதன்கிழமை மானிட்டரை எடுத்துவர ஸ்பாஸ் உடனே கிளம்பினார். ஒரு மணி நேரத்தில் பொருத்தி முடித்தார். ரோஜா சிவந்தது. தாள் ஒன்றைத் திரைமேல் வைத்து விளிம்பை அளந்து, தொழில் கர்வத்தோடு நிமிர்ந்து சொன்னார்: "தங்கம் மாதிரி இருக்கு. எட்டு வருஷத்துக்கு நீங்க யாரையும் கூப்பிட வேண்டியதில்ல."

மிங்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

வெனெத்தா சொன்னாள்: "என் வீட்ல ஒரு டி.வி. இருக்கு."

"என்ன பழுது?"

"ஒண்ணும் பழுதில்ல. நல்லா ஓடுது."

"படம் ஆடுதா?"

"ஆடல."

"சத்தம் வரலியா?"

"வருது."

ஸ்பாஸ் நெற்றியைச் சுருக்கினார். "அப்போ நான் வந்து என்ன செய்ய?"

"பாருங்க அண்ணே! உக்காந்து பாருங்க!" என்று முப்பது பெண்கள் ஒரே குரலில் கத்தினார்கள்.

ஸ்பாஸுக்குக் காது வரை சிவந்தது. கருவிப் பையை எடுத்தார். யோசித்து, அதைத் தரையில் வைத்தார்.

"எத்தனை மணிக்கு வரட்டும்?" என்றார்.