நாலு சில்லும் இழுக்கிற கார்

ஒக்ரோபர் மாதம் பாதி கடந்ததும் எங்கள் வீட்டுக்குள் ஓர் எண்ணெய் மணம் வந்துவிடும். பனியைக் கரைக்க வீதியில் கொட்டுகிற உப்புக்குக் காரின் அடிப்பாகம் துருப்பிடிக்காமல் இருப்பதற்காகக் கராஜில் பீய்ச்சி அடித்துவிடுகிற எண்ணெய் அது. கதவு விளிம்புகளாலும் சில்லுகளுக்கு மேலுள்ள வளைவுகளாலும் இரண்டு கிழமைக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும், ஹீற்றரைப் போட்டால் சூட்டோடு சேர்ந்து முகத்தில் அடிக்கும், என் ஜாக்கெற்றில் ஏறிப் பள்ளிக்கூடத்தில் பக்கத்து மேசைக்காரி மூக்கைப் பொத்தும் அளவுக்கு ஒட்டிக்கொள்ளும். அவள் கேட்டபோதெல்லாம் நான் தலையை நிமிர்த்தி, "எங்கட காருக்கு நாலு சில்லும் இழுக்கும், தெரியுமா?" என்றுதான் பதில் சொன்னேன். அந்தக் காரை வாங்கியது என் அம்மா. அதை வாங்க வேண்டாம் என்று சொல்லாதவர்கள் எங்கள் சொந்தத்தில் ஒருவரும் இல்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. கனடாவில், ரெக்ஸ்டேல் என்ற இடத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள் கொண்ட ஒரு தொகுதியில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் இருந்தோம். அப்பாவின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலைசெய்வதை நிறுத்தியிருந்தன. திங்கள், புதன், வெள்ளி என்று கிழமைக்கு மூன்று காலை அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் நான்கு மணித்தியாலம் டயலிசிஸ் கதிரையில் இருக்க வேண்டும். இரத்தம் ஒரு குழாயால் வெளியே போய், சுத்தமாகி, மற்றக் குழாயால் திரும்பி வரும். முடிந்து எழும்பும்போது அவருக்குக் கால் தள்ளாடும் என்பதால் கார் ஓடக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதுவரை ஸ்ரியரிங்கைத் தொட்டறியாத அம்மா நாற்பது வயதில் பழகப் போனார், இரண்டு தடவை சோதனையில் தவறினார், மூன்றாவது தடவை லைசென்ஸோடு வந்து அதைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைக்காமல் நேரே தன் கைப்பைக்குள் வைத்தார்.

எங்கள் தொகுதியிலிருந்து பெருந்தெருவுக்கு வருவதற்கு ஒரு சரிவு ஏற வேண்டும். நாங்கள் அதை "ஏத்தம்" என்போம். வெயில் காலத்தில் அது கண்ணுக்கே தெரியாது. அம்மா ஓடத் தொடங்கிய முதல் பனிக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, அப்பாவின் பழைய காரை இழுக்கிற முன்சில்லுகள் இரண்டும் அந்த ஏத்தத்தில் நின்ற இடத்திலேயே சுழன்றன. அம்மா மிதிக்க மிதிக்க அது பக்கவாட்டில் வழுக்கியதே தவிர ஓர் அடியும் ஏறவில்லை. அப்பா கதவைத் திறந்து இறங்கிப் போய், டயலிசிஸுக்கு ஊசி குத்துகிற கையாலேயே காரைத் தள்ளத் தொடங்கினார். "இஞ்சேருங்கோ, அந்தக் கையால தள்ளாதேங்கோ!" என்று அம்மா கத்திய சத்தம் கேட்டுச் சனங்கள் யன்னல் திரையை விலக்கிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ராக்சிக்குப் போன் அடித்தோம், வரவில்லை. மறுநாளும் பனி விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவால் படுத்திருக்க முடியவில்லை. உடம்பில் தேங்கிய தண்ணீர் நெஞ்சுக்கு ஏறி, மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அம்புலன்ஸ்தான் வந்து கொண்டுபோனது.

அந்தக் கிழமை பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணர், றிச்மண்ட் ஹில்லில் பெரிய வீடு. கெட்ட மனிதர் இல்லை. "தங்கச்சி, விண்டர் முடியுமட்டும் எங்கட பேஸ்மென்ற்றில வந்து இருங்கோ. தம்பியை நான் கொண்டுபோய்க் கொண்டு வாறன்" என்றார். அதற்கு அம்மா வேலையை விட வேண்டும், நான் பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டும். கனடாவுக்கு வந்த முதல் வருடம் நாங்கள் அந்த நிலத்தடிப் பேஸ்மென்ற்றில்தான் இருந்தோம். அப்போது மீன் பொரிப்பதற்கும் அம்மா மேலே போய்க் கேட்டுவிட்டுத்தான் பொரிப்பார். இப்போது அம்மா பெரியப்பாவுக்குத் தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இல்லை அத்தான். நாங்கள் எங்கட வீட்டில இருந்தே போறம்" என்று மட்டும் சொன்னார். அவர் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, "நாலு சில்லும் இழுக்கிற கார் எண்டு ஒண்டு இருக்காம், அது எங்க விக்கினம் எண்டு பார்" என்றார்.

அது ஒஷாவா என்ற ஊரில் இருந்தது. போத்தல் பச்சை நிறம், பின்பக்கம் நீண்ட வண்டி, ஏழு வருடம் ஓடியது. விற்றவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரர். அம்மாவின் ஆங்கிலம் அந்த வேலைக்குப் போதாது. நான்தான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். நான்கு ரயர்களும் எப்போதும் ஒரே மாதிரி, ஒரே அளவுக்குத் தேய்ந்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளேயுள்ள பற்சில்லுகள் பழுதாகிவிடும் என்றார். குளிர்கால ரயர் கட்டாயம் போடு என்றார். பிறகு அம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இன்னொன்று சொன்னார். "இது போறதுக்குத்தான் உதவுமாம் அம்மா, நிப்பாட்டுறதுக்கு உதவாதாம்" என்றேன். அம்மா யோசிக்கவேயில்லை. "நிப்பாட்டுறது என்ர வேலை எண்டு சொல்லு." நான் சொன்னேன். அந்த மனிதர் சிரித்துவிட்டுத் கார்த் திறப்பை எடுத்து நீட்டினார்.

சொந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. "பொம்பிளைக்கு ஏன் உந்தப் பெரிய வாகனம்?" என்றார்கள். "நாலு சில்லும் இழுத்தால் பெற்றோலும் நாலு மடங்கு குடிக்கும்" என்றார்கள். பெரியப்பா, "வாகனம் வாங்கலாம் தங்கச்சி, அனுபவத்தை வாங்கேலாது" என்றார். அம்மா எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றார். அந்த ஓமில் சம்மதம் ஒரு துளியும் இருக்கவில்லை.

அவர் அந்தக் காரைப் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும். சனிக்கிழமைதோறும் உப்பைக் கழுவக் கொண்டுபோவார். மேலே அழுக்கு இருந்தாலும் பரவாயில்லை, அடிப்பாகம் கழுவப்பட வேண்டும். பனி பெய்த காலைகளில் கூரைப் பனியைத் தள்ளுவது என் வேலை. கண்ணாடிப் பனியை மட்டும் வழித்துவிட்டுப் போகிறவர்களை அம்மா "முகத்தை மட்டும் கழுவிப்போட்டுக் கலியாணத்துக்குப் போற ஆக்கள்" என்பார்.

ஒருநாள் ஒரு ரயர் நடைபாதை விளிம்பில் இடித்துப் பக்கவாட்டில் கிழிந்துவிட்டது. கராஜ்காரர் எங்கள் ஆள்தான். பழைய ரயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து, "இதைப் போட்டு விடுறன் அக்கா, பிரச்சினையில்லை" என்றார். அம்மா குனிந்து அதன் வரிகளுக்குள் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இது தேஞ்சு போச்சு. மற்ற மூண்டோடயும் ஒக்காது" என்றார். அவர் சிரித்தார். "உது உங்களுக்கு விளங்காது. அண்ணையை அனுப்புங்கோ, நான் அவரோட கதைக்கிறன்." கராஜுக்குள் வேறு இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அம்மா குரலை உயர்த்தவில்லை. "அண்ணை ஆஸ்பத்திரியில ஊசி குத்திக்கொண்டு இருக்கிறார். கார் என்ர. என்னோட கதையுங்கோ." அந்த மனிதர் கிழிந்த ரயரின் எண்ணைக் குறித்துக்கொண்டு உள்ளே போனார், மூன்று நாளில் அதே மாதிரி, அதே தேய்மானத்தில் ஒன்று தேடிக் கொடுத்தார். அதன் பிறகு எங்கள் காரில் கை வைப்பதற்கு முன் அம்மாவைத்தான் கேட்டார்.

அடுத்த பனிக்காலத்தின் முதற்பனி விழுந்த சனிக்கிழமை மத்தியானம், என் பள்ளிக்கூடத்தின் வெறுமையான கார் தரிப்பிடத்துக்கு அம்மா என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். வேகமெடுத்தார், வேண்டுமென்றே பிறேக்கை அமுக்கினார். கார் கடகடவென்று உதறிக்கொண்டு வழுக்கியது. திரும்பவும் செய்தார். ஸ்ரியரிங்கை வெட்டிச் சுழலவிட்டார். நான் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு அலறினேன், அம்மா சிரித்தார். அப்பாவுக்குச் சிறுநீரக வருத்தம் வந்த பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது. வழுக்குவது எப்படியிருக்கும் என்று தெரியாமல் எப்படி ஓடுவது என்று கேட்டார். அந்த மத்தியானம் எத்தனை தடவை வழுக்கினோம் என்று எனக்கு ஞாபகமில்லை.

பெப்ரவரியில் அந்தப் புயல் வந்தது. அதுவும் வெள்ளிக்கிழமை. வியாழன் பின்னேரம் தொடங்கிய பனி விடியும்வரை கொட்டியிருந்தது. பள்ளிக்கூடம் பூட்டு, அவசியமில்லாமல் வெளியே போகாதீர்கள் என்று றேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. பெரியப்பா போன் எடுத்தார். "ஒருநாள் விட்டால் ஒண்டும் ஆகாது தங்கச்சி. சொல்வழி கேள்." போன வருடத்து ஞாயிற்றுக்கிழமையை மறந்து யாரும் அப்படிச் சொல்ல முடியாது, ஆனால் அவர் எங்கள் வீட்டில் இருந்து அந்த மூச்சைக் கேட்டவரல்ல. அம்மா, "தேத்தண்ணிக் கெற்றில் கொதிக்குது அத்தான், பிறகு எடுக்கிறன்" என்று போனை வைத்தார். கெற்றில் கொதிக்கவில்லை.

பனி வழிக்கிற வண்டி எங்கள் காருக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்கு மதில் எழுப்பிவிட்டுப் போயிருந்தது. நானும் அம்மாவும் மண்வெட்டியால் அதை உடைத்தோம். என்னை விட்டுப்போக ஆள் இல்லை என்பதால் நானும் பின்சீற்றில் ஏறினேன். ஏத்தத்தில் இரண்டு கார்கள் கோணலாக நின்றன. அம்மா அவற்றுக்கு நடுவில், நிறுத்தாமல், அவசரப்படாமல், நான்கு சில்லும் உறுமிப் பனியைக் கடித்துப் பிடிக்க, மேலே வந்தார். நான் கை தட்டினேன். "இன்னும் போய்ச் சேரேல்லை" என்றார் அம்மா.

அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். கார் ஓடத் தெரிந்தவர் பக்கத்துச் சீற்றில் இருப்பது ஒரு தண்டனை. அவருடைய வலது கால், அந்தப் பக்கத்தில் இல்லாத பிறேக்கை அமுக்கிக்கொண்டேயிருக்கும். "மெல்ல... தூரம் விடு... லைற்றைப் பார்" என்று அவர் சொல்லாத மூலை அந்தப் பாதையில் ஒன்றும் இல்லை. அம்மா வழக்கமாக, "நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு இருங்கோ" என்பார். அன்றைக்கு வீதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பெரிய பெரிய வாகனங்கள் பள்ளத்துக்குள் சரிந்து கிடந்தன. எங்களுக்குப் பின்னால் ஒரு பிக்கப் வண்டி ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தது. அம்மா வேகத்தைக் கூட்டவில்லை.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு முன்னால் ஓர் இறக்கம். கீழே நிறுத்தற் பலகை. அம்மா முன்கூட்டியே பிறேக்கை மிதித்தார். பனிக்குக் கீழே பளிங்கு மாதிரி ஐஸ். கார் உதறிக்கொண்டு, நிற்காமல், பலகையைத் தாண்டி, தெருவுக்குக் குறுக்கே மெதுவாக வழுக்கிப்போய் எதிர்ப்பக்கத்துப் பனிக்குவியலில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. பம்பர் வெடித்த சத்தம் கேட்டது. ஒருவருக்கும் அடிபடவில்லை, அந்த நேரம் தெருவில் வேறு வாகனமும் இல்லை. ஆனால் அம்மா ஸ்ரியரிங்கிலிருந்து கைகளை எடுத்து மடியில் போட்டார். "என்னால ஏலாது" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. எல்லாரும் சொன்னது சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அப்பா வீங்கிய கையை நீட்டி அம்மாவின் மணிக்கட்டில் வைத்தார். அவர் ஏசப்போகிறார் என்றுதான் எதிர்பார்த்தேன். "மலர், நானாயிருந்தாலும் இதில வழுக்கித்தான் இருப்பன்" என்றார். "பின்னுக்கு ஒருத்தரும் இல்லை. றிவேர்ஸைப் போடு." அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு றிவேர்ஸைப் போட்டார். முன்சில்லுகள் பனிக்குள் புதைந்திருக்க, பின்சில்லுகள் பிடித்து இழுத்தன. கார் வெளியே வந்தது. மிச்சத் தூரம் முழுக்க அப்பா வாய் திறக்கவில்லை. அவருடைய வலது காலும் அசையவில்லை.

நாற்பது நிமிடம் பிந்திப் போனோம். அந்தப் பெரிய அறையில் பாதிக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. தாதி அப்பாவைக் கதிரையில் சாய்த்து ஊசி ஏற்றிய பிறகுதான் அம்மா கோட்டைக் கழற்றினார். காத்திருக்கும் அறையில் அம்மாவின் கைப்பைக்குள் போன் அடித்தது. பெரியப்பா. அவர் பேசியது எனக்கும் கேட்டது: "வீட்டு போனுக்கு எடுத்தால் ஒருத்தரும் இல்லை. எங்க நிக்கிறியள்?"

"ஆஸ்பத்திரியில. அவரைக் கதிரையில விட்டாச்சு."

"ஆர் கொண்டுவந்தது?"

"நான்தான் அத்தான்" என்றார் அம்மா. பெரியப்பா வேறு என்னவோ சொல்லத் தொடங்குவதற்குள், "பிள்ளைக்குப் பசிக்குது, வைக்கிறன்" என்று வைத்துவிட்டார். இந்தத் தடவை உண்மையிலேயே எனக்குப் பசித்தது.

பெரியப்பா அதைப் பற்றி ஒரு நாளும் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா அதற்குப் பிறகு ஆறு பனிக்காலம் உயிரோடு இருந்தார். ஒரு நாள்கூடப் பனிக்காகக் கதிரையைத் தவறவிடவில்லை. கடைசியில் ஒரு யூலை மாதம், நல்ல வெயில் நாளில், இதயம் நின்று இறந்துபோனார். கார் அவருக்குப் பிறகு மூன்று வருடம் ஓடியது. எண்ணெய் அடித்தும் கழுவியும் உப்பு தன் வேலையைக் காட்டிவிட்டது. அடித்தளம் கையோடு உதிரத் தொடங்கியதும் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டோம். அந்த வீட்டுத் தொகுதியையும் இடித்துவிட்டார்கள். நிலத்தை மட்டமாக்கி மாடிவீடு கட்டிவிட்டதால், ஏத்தம் இருந்த இடத்தை இன்றைக்கு என்னாலேயே காட்ட முடியாது.

சொந்தக்காரர் கொண்டாட்டங்களில் இந்தக் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "பாவம், அம்மா எவ்வளவு கஷ்டப்பட்டவ" என்று யாராவது உச்சுக்கொட்டுவார்கள். அப்போது கார் வேண்டாம் என்று தடுத்தவர்கள் இப்போது உச்சுக்கொட்டுவதை என்னால் பொறுக்க முடிவதில்லை. கஷ்டம் இருந்ததுதான். பாவம் இருக்கவில்லை. அம்மா கெஞ்சிக் கேட்டு ஏறிய வாகனம் ஒன்றுகூட இல்லை. இதை நான் அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன், அதற்காகச் சில வீடுகளில் என்னைக் கூப்பிடுவதையும் நிறுத்தியிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு இப்போது எழுபதுக்கு மேல். கண்பார்வை குறைந்துபோய், இரண்டு வருடத்துக்கு முன் லைசென்ஸைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வந்தது. லைசென்ஸைத் தானே கொண்டுபோய்த் தபாலில் போட்டார். பிறகு ஐஸில் வழுக்காமல் நடக்கச் சப்பாத்தில் கொளுவுகிற இரும்புப் பல் ஒரு சோடி வாங்கினார். வெள்ளிக்கிழமைகளில் ரெக்ஸ்டேலிலிருந்து பஸ் மாறி மாறி றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குத் தனியே போகிறார்.

இந்தத் தையில் ஒரு வெள்ளிக்கிழமை, காலையிலிருந்தே பனி கொட்டியது. போன் எடுத்து, "அம்மா, வெளிக்கிடாதேங்கோ, நான் வந்து ஏத்திறன்" என்றேன். பின்னால் பஸ்ஸின் கதவு மூடும் சத்தம் கேட்டது.

"நீ காரை எடுக்காதை பிள்ளை, றோட்டு சரியில்லை" என்றார். "நான் கோயிலுக்குப் போட்டு வாறன்."