என்னை நம்ப ஒரு ஆளைக் கேட்டேன்

ஆண்டவருடைய நாமத்தில் உங்கள் எல்லாருக்கும் தோத்திரம். நான் நானுஓயாவுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். பெயர் மேரி. இதற்கு முன் இரண்டு தடவை நம் ஜெபக்கூட்டத்தில் எழுந்து, சுகமானேன் என்று சாட்சி சொன்னேன். இரண்டும் பொய். இது நிஜம். அதிக நேரம் நிற்க முடியாததால் எழுதித் தருகிறேன்.

கொரோனாக் காய்ச்சல் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒவ்வொன்றாகப் புகுந்த வருஷம் எனக்கும் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் விட்டது. களைப்பு விடவில்லை. மலை ஏறி இறங்குகிற களைப்பு எனக்குத் தெரியும். பதினெட்டு வருஷம் பட்டிருக்கிறேன். அது படுத்துத் தூங்கினால் போய்விடும். இது விடிய விடியத் தூங்கி எழுந்தாலும் அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. தலை வாரக் கையைத் தூக்கினால் பாதியிலேயே கை இறங்கிவிடும். ரொட்டிக்கு மாப் பிசையும்போது உப்புப் போட்டேனா என்று மறந்து மூன்று தடவை போட்டிருக்கிறேன். இதிலும் கொடுமை, இடையில் ஒரு நாள் உடம்பு நன்றாக இருக்கும். அன்றைக்கு விட்டதையெல்லாம் பிடிக்கிற மாதிரி ஓடி ஓடிப் பறிப்பேன். மறுநாளோ அதற்கு மறுநாளோ கட்டிலை விட்டு எழும்ப முடியாது.

அந்த ஒரு நல்ல நாள்தான் எனக்கு வினையானது. "நேத்து நல்லாத்தானே கொழுந்தெடுத்த, இன்னைக்கு என்ன நோவு?" என்று கங்காணி கேட்டார். டிஸ்பென்சரியில் நரம்புத் தளர்ச்சி என்று துண்டில் எழுதி, விட்டமின் குளிசை கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பெயர் எனக்கு முன்னால் லயத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் நரம்புத் தளர்ச்சி என்றால் மனசு சரியில்லாதவள், இல்லாவிட்டால் வேலைக்கள்ளி. என்னை இரண்டும் என்றார்கள்.

என் புருஷன் செல்வராஜுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. அவருடைய அக்கா லீலா அண்ணிதான் எங்கள் லயத்து ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவர். சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில், அடுத்த காம்பராவில் இருக்கிறார். அவர் வந்து என் தலையில் கை வைத்தார். "இது சோம்பல் ஆவி, மேரி. மூணு நாள் உபவாசம் இரு, ஓடிரும்" என்றார். இருந்தேன். நிற்கவே திராணி இல்லாதவளுக்குச் சோறும் இல்லாமல் போனது. மூன்றாம் நாள் எல்லாரும் சுற்றி நின்று கை தட்டிப் பாடினீர்கள். எனக்கும் உடம்பு லேசான மாதிரி இருந்தது. சுகம் கிடைத்தால் உடனே எழுந்து சாட்சி சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் வந்த சுகம் திரும்பிப் போய்விடும் என்பது நம் கூட்டத்தில் எழுதாத சட்டம். சொன்னேன். சாட்சி சொன்னவள் மறுநாள் வேலைக்குப் போகாமல் இருக்க முடியுமா? போனேன். கூடை நிறையப் பறித்தேன். பிறகு ஐந்து நாள் படுத்தேன்.

"விசுவாசம் கொறஞ்சதால திரும்ப வந்திருச்சு" என்றார் அண்ணி. மறுபடியும் உபவாசம், மறுபடியும் சாட்சி. இந்தத் தடவை பொய் என்று தெரிந்தே சொன்னேன். ஏனென்றால் அதற்கு முந்தின வாரம் அண்ணி என் புருஷனிடம் பேசியது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"இவள இறம்பொடையில அவ அண்ணன் வீட்டுலயே கொண்டுபோய் விட்டுரு தம்பி. வேலைக்கும் போறதில்ல, ஆண்டவரையும் நம்புறதில்ல. வச்சிக்கிட்டு என்ன பண்ணப்போற?"

"பாப்போம்க்கா" என்றார் அவர். முடியாது என்று சொல்லவில்லை. பதினாறு வருஷம் குடும்பம் நடத்திய வீட்டிலிருந்து என்னைக் கொண்டுபோய்த் தள்ளிவிடுவார்களே என்ற பயத்தில்தான் சுகம் என்று சொன்னேன்.

அந்தச் சாட்சி சொன்ன மூன்றாம் நாள், மலையில் கொழுந்து பறிக்கும்போது விழுந்தேன். கொழுந்து லொறியில் ஏற்றி ஃபேக்டரி வாசலில் இறக்கினார்கள். என் புருஷன் வந்து பார்த்தார். "எல்லாருக்கும் முன்னாடி சொகம்னு நீதானே சொன்ன? இப்ப யாருக்கு நடிக்கிற?" என்றார். எனக்கு வாய் திறக்கவும் பலம் இல்லை. அந்தச் சிமெந்துத் தரையில் கிடந்துகொண்டு ஜெபித்தேன். ஆண்டவரே, எனக்குச் சுகம் வேண்டாம், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, எனக்கு முடியவில்லை என்பதை நம்ப ஒரே ஒரு ஆளைத் தாரும் என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

அப்படியே நினைவு தப்பியது. மயக்கம் தெளியாததால் டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே ஒரு சிங்கள டாக்டர் அம்மா. தமிழ் தடுமாறித்தான் வந்தது. இரத்தம், தைராய்டு, நெஞ்சு எல்லாம் சோதித்தார்கள். எதிலும் குறை இல்லை என்று வந்தது. என் கதை முடிந்தது என்று நினைத்தேன். என் புருஷனும் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டாக்டர் ரிப்போட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வேல செய்ற நேரத்துல விழுறதா, இல்ல, செஞ்சு ஒரு நாள் ரெண்டு நாள் பொறகா?"

இத்தனை காலத்தில் ஒருவர்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை. "பொறகுதாங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு அழுதேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, நான் முடிக்கும்வரை கேட்டார்.

பிறகு சொன்னார். இதற்கு நாள்பட்ட களைப்பு நோய் என்று பெயர். முன்காலத்தில் இந்த மாதிரி வந்தவர்களையும் நரம்புத் தளர்ச்சி என்றே எழுதி அனுப்பிவிடுவார்களாம். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி வரும். இரத்தத்தில் தெரியாது. இதை அடியோடு போக்க மருந்து இல்லை. உடம்பு கெஞ்சும்போது மிஞ்சி வேலை செய்தால் இன்னும் மோசமாகும். களைப்பதற்கு முன்பே நிறுத்த வேண்டும். கடைசியில் என் புருஷன் பக்கம் திரும்பினார். "இவங்க பொய் இல்ல. நீங்க தள்ளினா இன்னும் விழுவாங்க."

வீட்டுக்கு வந்ததும் அண்ணி எண்ணெய்ப் போத்தலோடு ஜெபிக்க வந்தார். என் புருஷன் வாசலில் குறுக்கே நின்றார். "அவளுக்கு முடியலக்கா. நெசமாவே முடியல. இனி அவள எழுப்பாதீங்க. அவ எங்கயும் போகமாட்டா" என்றார். நான் உள்ளே படுத்துக்கொண்டு கேட்டேன். ஒரு ஆளைக் கேட்டேன், இரண்டு பேரைத் தந்தார். அதற்காக ஆண்டவருக்கு ஆயிரம் தோத்திரம்.

எனக்குச் சுகமாகவில்லை. இரண்டு உருளைக்கிழங்கு சீவினால் உட்காருகிறேன், பிறகுதான் அடுப்பு. தோட்டத்து வேலை போய்விட்டது. முதலிலேயே ஓய்வாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். நீங்கள் கை தட்டியதும் நான் அதற்கு ஆடியதும் நினைவுக்கு வந்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது மூன்றாவது பொய்யாகிவிடும். மன்னிக்கப் பலம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்களில் யாராவது என்னைப் போலக் கிடந்தால், உள்ளதை உள்ளபடி அவரிடம் சொல்லுங்கள். கோபமாகச் சொன்னாலும் கேட்கிறார். அப்படி ஒருத்தி உங்களிடம் வந்து முடியவில்லை என்று சொன்னால், தலையில் கை வைப்பதற்கு முன்னால் அவளை நம்புங்கள். நான் ஆண்டவரிடம் கேட்டது அவ்வளவுதான். அதை நீங்களே தந்திருக்கலாம்.